இறக்கி வைத்த முளைப்பாரி

“உள்ள என்னட்டி பண்ணுத? கதவைத் தெற!”

கருத்தையா கதவைத் தட்டவில்லை, உதைத்தார். போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று வந்துவிட்டாலும், அவருடைய காலுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

பாயில் மல்லாந்து, முழங்கால்களை மடக்கிப் படுத்திருந்த ஜெயசித்ரா பதறி எழுந்தாள். அந்தப் பதற்றமே போதுமாக இருந்தது. அதுவரை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தது நழுவி, உள்பாவாடை சூடாக நனைந்தது. பாவி மனுஷன்... இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கக் கூடாதா! பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டு, சேலையை இழுத்து மூடிக்கொண்டு தாழ்ப்பாளை நீக்கினாள்.

“ஜன்னல் இடுக்கு வழியாப் பாத்தேன். என்ன முணுமுணுத்துக்கிட்டு கெடந்த?”

“ஒண்ணுமில்லங்க... சாமி கும்பிட்டேன்.”

“படுத்துக்கிட்டா? எந்தச் சாமிட்டி மல்லாக்கப் படுத்துக்கிட்டுக் கும்பிடச் சொல்லுச்சு? அக்கா சொல்லுறது சரிதான். நீ எவங்கிட்டயோ போய் மந்திரம் கத்துக்கிட்டு வந்திருக்க!”

ஜெயசித்ரா பதில் சொல்வதற்கு வாய் வேண்டும். அந்த வாயை அவள் இரண்டு வருஷத்துக்கு முன்பே பூட்டிவிட்டாள்.

அதற்குள் கருத்தையாவின் போன் அலறியது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவருடைய அக்கா சண்முகத்தாய். அந்த அம்மாள் பேசினால் ஸ்பீக்கரே தேவையில்லை, அடுப்படி வரை கேட்கும்.

“தம்பி, பேர் வைக்கிற நேரம் நெருங்கிட்டு, கெளம்பிட்டியா? ஓம் பொண்டாட்டியும் வரட்டும். எனக்கு இஷ்டமே இல்ல. ஓம் மகன்தான் அம்மா வந்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கான். வரட்டும்... ஆனா எதையும் தொடக் கூடாது! பிள்ளைய மடியில வாங்கக் கூடாது! ஒரு பிள்ளைய முழுங்குனது போதும்!”

“சரிக்கா” என்றார் கருத்தையா.

அவ்வளவுதான். கட்டிய மனைவியைப் பிள்ளை முழுங்கி என்கிறாள் ஒருத்தி. அதற்கு ஒரு ‘சரிக்கா’! ஜெயசித்ரா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுதால் வெளியே கேட்காது. அந்த வீட்டில் அவள் கண்டுபிடித்து வைத்திருந்த வசதி அது ஒன்றுதான்.

அவளுக்கு ஐம்பது நெருங்குகிறது. மாமியார் பக்கவாதத்தில் விழுந்து கிடந்த வருஷங்களில், அந்தக் கனத்த உடம்பைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைத்ததும், கழுவிவிட்டதும், மறுபடி தூக்கிக் கிடத்தியதும் அவள்தான். பெற்ற மகள் சண்முகத்தாய் தீபாவளிக்கு வருவாள், தாயைக் கட்டிப்பிடித்து அழுவாள், சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விடுவாள். மாமியார் கண்ணை மூடுவதற்கு முன்பே ஜெயசித்ராவின் உடம்பில் எதுவோ கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. தும்மினால் நனையும், சிரித்தால் நனையும். அதனால் சிரிப்பதை விட்டாள். தும்மலைத்தான் விட முடியவில்லை.

கல்பனா சண்முகத்தாயின் ஒரே மகள். ஜெயசித்ராவின் மகன் பாண்டிதுரைக்கு அத்தை மகள். அவளையே அவனுக்குக் கட்டி வைத்தார்கள். அவன் ராணுவத்தில் எல்லையில் கிடந்தான். அவள் ராஜபாளையத்தில் மாமியார் ஜெயசித்ராவோடு இருந்தாள். சில வருஷம் கழித்து அவள் வயிற்றில் ஒன்று தங்கியபோது, பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுப்பதாகச் சண்முகத்தாய் நேர்ந்துகொண்டாள். பிள்ளைத்தாச்சி சுமக்கக் கூடாது, தாலி இழந்த சண்முகத்தாயும் சுமக்கக் கூடாது என்றார்கள். பாரம் ஜெயசித்ராவின் தலைக்கு வந்தது. எந்தப் பாரம்தான் வரவில்லை!

இருட்டறையில் விதை போட்டு, விரதமிருந்து, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து வளர்த்தாள். பயிர் மஞ்சளாக, நெருக்கமாக, சாண் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. தலையில் ஏற்றிவிட்டால் கோயில் போய்ச் சேரும்வரை இறக்கக் கூடாது. பாதி வழியில் முன்னால் போனவர்கள் சாம்பிராணி போட்டார்கள். புகை தொண்டையில் ஏறியது. இருமினாள். ஒரு இருமலோடு நிற்கவில்லை... தொடை வழியாகக் கணுக்கால் வரை இறங்கிவிட்டது.

அன்றைக்கு அவள் நினைத்தது இதுதான்: மூத்திரத்தில் நனைந்த சேலையோடு அம்மன் பயிரைச் சுமந்தால் தீட்டு. அந்தத் தீட்டு கல்பனா வயிற்றுப் பிள்ளையைத்தான் தாக்கும். ஐயோ, வேண்டாம்! அவள் ஓரமாகப் போய், பக்கத்து வீட்டுக்காரியின் தலையில் முளைப்பாரியை மாற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு ஓடினாள். பிள்ளையைக் காப்பாற்றத்தான் ஓடினாள்.

அடுத்த வாரம் பிள்ளை கலைந்தது.

“மருமக பெத்துரக் கூடாதுன்னுதானட்டி பாதி வழியில எறக்குன!” என்று சண்முகத்தாய் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். ஏன் இறக்கினாய் என்று கேட்காதவர் இல்லை. கருத்தையா கேட்டார், மகன் போனில் கேட்டான். மூத்திரம் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? கொலைகாரி என்ற பேர்கூட அதற்குத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. தவிர, யார் கண்டது... தன் தீட்டுதான் உண்மையிலேயே அந்தச் சிசுவைக் கொன்றதோ? அந்தக் கேள்வி மட்டும் அவளை ஒரு நாளும் தூங்க விடவில்லை.

சண்முகத்தாய் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். லீவில் வரும் பாண்டிதுரையும் நேரே ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினான். இப்போது அங்கேதான் கல்பனாவுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்திருக்கிறது.

ஜெயசித்ரா பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். கழித்துப் போடும் துணியைக் கேட்டு வாங்கி வந்து, அடுக்கடுக்காக மடித்து உள்ளே வைத்துக்கொள்வாள். ஒரு நாள் வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான், கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்றார்கள். அங்கே பிசியோதெரபி பார்க்கும் ஜாஸ்மின் என்கிற பெண் அவளைப் படுக்க வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

“ஒண்ணுக்குப் போறத பாதியில நிப்பாட்டுற மாதிரி நெனச்சு உள்ள இழுங்கம்மா. வயித்த இறுக்காதீங்க, மூச்ச அடக்காதீங்க. எண்ணிக்கிட்டே பிடிங்க, பொறவு முழுசா விடுங்க.”

எண்ணினால் ஜெயசித்ராவின் உதடு தன்னால் அசையும். பள்ளிக்கூடத்து வழக்கம். அந்த அசைவுதான் இந்த வீட்டில் மந்திரமாகிவிட்டது.

“இது கொஞ்சந்தாம்மா தாங்கும். ரொம்ப இறங்கிட்டு. ஆபரேஷன் பண்ணணும், வீட்டுல யாரையாவது கூட்டிட்டு வாங்க” என்றும் ஜாஸ்மின் சொல்லியிருந்தாள். யாரைக் கூட்டிப் போவது?

* * *

பஸ்ஸில் கருத்தையா முன்னால் உட்கார்ந்துகொண்டார். ஜெயசித்ரா பெண்கள் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து, வேகத்தடை வரும்போதெல்லாம் உள்ளே இழுத்துப் பிடித்தாள். வந்ததற்கு ஒரே ஒரு ஆசைதான். பேத்தியின் முகத்தைப் பார்க்க வேண்டும். மடியில் வாங்க முடியாது, சரி... முகத்தையாவது!

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் சண்முகத்தாயின் வீடு. கூடம் நிறையச் சனம். மாடிப்படி ஓரம் ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மணைப்பலகையில் சந்தன நிறப் பட்டுச் சேலையில் கல்பனா, மடியில் துணிச்சுருளாகக் குழந்தை.

“அங்கனயே சுவரோரமா நில்லு” என்றாள் சண்முகத்தாய். ‘வா’ என்று சொல்லவில்லை.

ஜெயசித்ரா நின்றாள். அவள் நின்ற இடத்திலிருந்து கல்பனாவின் முதுகுதான் தெரிந்தது. முழங்கை இடுக்கு வழியாக ஒரு சின்ன உள்ளங்கால் எட்டிப் பார்த்தது. ரோஸ் நிறத்தில், சுருக்கம் விழுந்து... ஆண்டவனே! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பாண்டிதுரை அவளிடம் வந்தான். “வந்துட்டியாம்மா... செத்த நேரம் பொறு. எல்லாரும் போகட்டும், பொறவு நானே பிள்ளையக் கொண்டாந்து காட்டுதேன்” என்று மெல்லச் சொன்னான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை. அதைக் கேட்டதும் அவளுக்கு இந்த நாள் நல்லபடியாகக் கழிந்துவிடும் என்றுகூடத் தோன்றியது.

காதில் மூன்று தடவை பேர் சொன்னார்கள். குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவதி சாம்பிராணிக் கரண்டியைக் கொண்டுவந்து தொட்டிலைச் சுற்றிக் காட்டினாள். புகை சுருண்டு கல்பனா முகத்தில் அடித்தது. அவள் இருமினாள். குனிந்து மறுபடி இருமினாள். அப்புறம் அப்படியே விறைத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த விறைப்பை ஜெயசித்ராவுக்குத் தெரியும். தொடைகளை நெருக்கிக்கொண்டு, சேலையைப் பின்னுக்கு இழுத்துவிடும் அந்தக் கையையும் தெரியும்.

“எந்திரிட்டி, ஆலத்தி எடுக்கணும். கெழக்கப் பாத்து நில்லு” என்றாள் சண்முகத்தாய்.

“செத்த நேரம் இருக்கேம்மா...”

“நல்ல நேரம் போகுது, எந்திரிங்கிறேன்!”

கல்பனா எழுந்தாள். சந்தனப் பட்டின் பின்புறம் தட்டகலத்துக்கு ஈரம் கறுத்துத் தெரிந்தது. குழந்தை நனைத்தது என்று சொல்லிவிடவும் முடியாது. மடி காய்ந்து கிடந்தது, பின்புறம்தான் நனைந்திருந்தது. இன்னும் அரை வட்டம் திரும்பினால் அத்தனை ஆண்களுக்கும் அவள் முதுகு தெரியும். செல்போனில் படம் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்கிறார்கள். பச்சை உடம்புக்காரி... இருபத்தாறு வயது... இனி ஆயுசுக்கும் வாயைப் பூட்டிக்கொள்ளப் போகிறவள்!

ஜெயசித்ரா பாய்ந்தாள். பக்கத்தில் நின்றவளின் கையிலிருந்த ஆலத்தித் தட்டைப் பறித்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அந்தச் சிவப்புத் தண்ணீர் முழுவதையும் கல்பனாவின் இடுப்பில் கவிழ்த்தாள். பட்டுச் சேலை பின்னும் முன்னுமாக ரத்தச் சிவப்பாக நனைந்து வழிந்தது.

கூடம் அப்படியே உறைந்தது. அப்புறம் சண்முகத்தாயின் அலறல்தான் முதலில் கேட்டது.

“ஐயய்யோ! பெத்த வயித்துல ரத்தத்தக் கொட்டுன மாதிரி கொட்டிட்டாளே! சண்டாளி! ஒண்ண முழுங்குனது போதாதா ஒனக்கு?”

அவள் கையால் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. ஜெயசித்ரா தடுக்கவில்லை. கருத்தையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “ஏட்டி, வெளிய போ! எம் மூஞ்சியிலயே முழிக்காத!”

அதெல்லாம்கூட அவளைத் தொடவில்லை. பாண்டிதுரை தள்ளி நின்று, சின்னப் பிள்ளை மாதிரி உதடு துடிக்கக் கேட்டான்:

“ஏம்மா? ஏம்மா இப்படிப் பண்ண? நாந்தானம்மா சண்ட போட்டு ஒன்னக் கூட்டியாரச் சொன்னேன்...”

அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் கண் மடைதிறந்துகொண்டது.

“எல்லாரும் சும்மா இருங்க!” கல்பனா கத்தினாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. “ஊத்துனவுகளே வந்து கழுவி விடட்டும். வாங்கத்த பொறவாசலுக்கு!”

கோபத்தில் இழுத்துக்கொண்டு போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, கல்பனா அந்த ஈரச் சேலையோடு சுவரில் சாய்ந்தாள்.

“அத்த... ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

ஜெயசித்ரா குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தமாக விழுந்தது.

“எனக்கும் அதே எழவுதான் தாயி. ரொம்ப வருஷமா.”

“ஆயுதம் போட்டு எடுத்தாக அத்த பிள்ளைய. அன்னையிலருந்து நிக்க மாட்டேங்குது. அம்மாட்ட சொன்னா, வெளிய சொல்லாதே, புருசன் சீந்த மாட்டான்னுட்டா. நான் செத்துரலாம்னு...”

“ஏட்டி! வாயக் கழுவு!” ஜெயசித்ரா அவள் வாயைப் பொத்தினாள். “ஒனக்கு இது புதுசு. பிள்ளை பெத்த ஒடம்பு, தேறிரும். நான் சொல்லித் தாரேன், கேளு. ஒண்ணுக்க அடக்குற மாதிரி உள்ளயும் மேலயும் இழு. வயித்த விட்டுரு. மூச்ச விட்டுக்கிட்டே இரு. மனசுக்குள்ள எண்ணு... பொறவு விடு. உக்காந்துக்கிட்டும் செய்யலாம், பால் குடுக்கையில செய்யலாம், எவளுக்கும் தெரியாது. தெனமும் செய்யணும். ஒரு வாரத்துல ஒண்ணும் தெரியாது, விட்டுறாத. ஆஸ்பத்திரிக்கும் போய் ஒரு தடவ காட்டு. என்ன மாதிரி முத்த விட்டுறாத.”

கல்பனா அவளையே பார்த்தாள். “அப்ப... அந்த முளைப்பாரி...?”

“சாம்பிராணிப் புகை. இருமுனேன். சேலையெல்லாம் போயிட்டு. தீட்டோட சுமந்தா ஒம் பிள்ளைக்கு ஆகாதேன்னு எறக்குனேன் தாயி. எறக்கியும்... எந் தீட்டுதான் அதக் கொன்னுட்டு.”

கல்பனா தடாலென்று அவள் காலில் விழுந்தாள்.

“இல்லத்த! இல்ல! முளைப்பாரிக்கு முன்னாடியே ஸ்கேன்ல சொல்லிட்டாக. துடிப்பு ரொம்பக் கொறச்சலா இருக்கு, தங்காதுன்னு. அம்மா மருந்து வாங்கப் போயிருந்தா. எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாக. சாமி காப்பாத்தும்னு நான் யார்ட்டயும் சொல்லல. பொறவு எல்லாரும் ஒங்களச் சொல்லவும்... பிள்ளை தங்காதவன்னு எனக்குப் பேர் வந்துரக் கூடாதுன்னு சும்மா இருந்துட்டேன். நான் பாவி அத்த... நான் பாவி!”

தண்ணீர் வாளி நிரம்பி வழிந்தது. இரண்டு வருஷம்! தூங்காத அத்தனை ராத்திரியும், தெருவில் தலை குனிந்து நடந்த அத்தனை பகலும், இந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இல்லாமல் போயிருக்கும். கோபம் வந்தது. நெஞ்சு வெடித்துவிடும் போலத்தான் வந்தது. ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று மெல்ல எழுந்து வந்தது. நான் கொல்லவில்லை. நான் அந்தப் பிள்ளையைக் கொல்லவில்லை!

குனிந்து மருமகளைத் தூக்கினாள். அந்தச் சிவப்பு ஈரம் தன் சேலையிலும் ஒட்ட, இறுக அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அழுதாள்.

“இப்பவே போய் எல்லார் முன்னாடியும் சொல்லுதேன் அத்த. ரெண்டையும் சொல்லுதேன். பிள்ளைய ஒங்க மடியில தாரேன். அம்மா வேணும்னா என்னயும் வெளிய தள்ளட்டும்!”

“வேணாம் தாயி...”

கல்பனா கேட்கவில்லை. சேலை மாற்றிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். தொட்டிலிலிருந்து குழந்தையை அள்ளிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றாள். “எல்லாரும் கேளுங்க” என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். மாடிப்படி ஓரத்து ஆண்கள், செல்போனைத் தூக்கிய பையன், இடுப்பில் கைவைத்த சண்முகத்தாய், கண் சிவந்த பாண்டிதுரை. கல்பனாவின் வாய் திறந்தது. “அத்த... அத்த வந்து...” திறந்த வாய் திறந்தபடியே நின்றது. என்ன சொல்வாள்? எனக்கு மூத்திரம் நிற்பதில்லை என்றா, முதல் பிள்ளை தங்காது என்று தெரிந்தும் மறைத்தேன் என்றா? புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். முகம் கோணிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

“பாத்தீகளா? உள்ள வச்சு எம் பிள்ளைய என்ன சொல்லி மெரட்டுனாளோ!” சண்முகத்தாய் கத்தினாள்.

ஜெயசித்ரா புறவாசல் நிலையில் நின்று மருமகளைப் பார்த்தாள். மெல்லத் தலையை அசைத்தாள். வேண்டாம் தாயி, விடு. அந்த உண்மையைச் சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும் என்பது அவளைத் தவிர அந்த வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்?

“கை தவறிருச்சு மதினி. மன்னிச்சுக்கோங்க. நான் வாரேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடத்தைக் கடந்து நடந்தாள். சிவப்புக் கறை பட்ட சேலைக்குச் சனம் விலகி வழிவிட்டது. கருத்தையா கூட வரவில்லை. பாண்டிதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டான். அது ஒன்றுதான் வலித்தது, மற்றதெல்லாம் பழகியது.

தெருவில் இறங்கிச் சில எட்டு நடந்தவள், நிற்க முடியாமல் திரும்பிப் பார்த்தாள்.

வாசற்படியில் கல்பனா வந்து நின்றிருந்தாள். தோளில் கிடந்த குழந்தையை மெல்லத் திருப்பி, அதன் முகம் தெருவைப் பார்க்கும்படி ஏந்திப் பிடித்தாள். தூங்குகிற முகம். பாண்டிதுரையின் மூக்கு, அச்சு அசல். ஜெயசித்ரா கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

கல்பனாவின் உதடுகள் முணுமுணுவென்று அசைந்துகொண்டிருந்தன. ஒன்று... இரண்டு... மூன்று... நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி முதலிலிருந்து.

“ஏட்டி! என்ன முணுமுணுக்க?” உள்ளேயிருந்து சண்முகத்தாயின் குரல் பதறிக்கொண்டு வந்தது. “ஒனக்கும் ஏத்தி விட்டுட்டுப் போயிட்டாளா அவ?”

“ஒண்ணுமில்லம்மா... சாமி கும்பிட்டேன்” என்றாள் கல்பனா.

அச்சு மாறாமல், தான் கருத்தையாவிடம் சொன்ன அதே பொய்தான். ஜெயசித்ரா கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பி, உள்ளே இழுத்துப் பிடித்தபடி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.